நூற்று நாற்பத்து நான்காவது கட்டம்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான்; என் சின்ன மகள்; அவள் கணவர்; அவருடைய தாயார், அதாவது எங்கள் சம்பந்தியம்மாள்; மருந்துக் கடை வைத்திருந்து ஓய்ந்த என் தம்பி; அவன் மனைவி; ஏணியின் மேல் நின்றிருந்த, படங்களுக்குச் சட்டம் போடுபவர். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. எனக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த நாள். வேறு யாரும் அங்கே இல்லை. தானும் கூட இருந்து பார்த்ததாக வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ஏழு பேரில் எல்லோருக்கும் தெரிந்திராத விஷயம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு இரண்டு பெண்கள். வெளியே சொன்னது ஒன்று. பெரியவளுக்குப் பதினேழு வயதில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மூன்று வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். இருபதாவது வயதில் அவளை மனநலக் காப்பகம் ஒன்றில் சேர்த்தேன். சின்னவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, இனி இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றேன். சம்பந்தியம்மாளிடம் ஒரே பெண் என்றேன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சொல் நின்றது. செய்தது சரியா என்று கேட்க நான் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. ஒரு குடும்பத்தின் பெயரை எப்படிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது அதைத் தோளில் சுமந்தவனுக்குத்தான் தெரியும்.

நான் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளனாக முப்பத்தாறு வருடம் இருந்தவன். என் மகள் மென்பொருள் சோதிப்பவள். அலுவலகத்தில் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறாள், வீட்டில் சும்மா செய்கிறாள். என் மனைவி இறந்த பிறகு அவளும் மருமகனும் இந்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாடியில் ஜன்னலோர மேஜை அவளுடையது. குடும்ப வம்சாவளியை எழுதிவைத்துப் படமாக வரையும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதில்லை. முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, எழுதியதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதன் நிலையான பதிப்பு எல்லோருக்கும் போதும். இவளுக்குப் போதாது. சனிக்கிழமை காலையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்து, அந்த வாரம் வரை எழுதப்பட்ட மூலநிரலை இறக்கி, தன் கணினியிலேயே தொகுத்து, இன்னும் வெளிவராத சோதனைப் பதிப்பைத் தானே உருவாக்கி ஓட்டிப் பார்ப்பாள். எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புவாள். அது அவளுக்கு ஓய்வு.

முதல் முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குப் பொறுமை இல்லை. தொகுக்கத் தொடங்கினால் ஒரு துணை நிரல் இல்லை என்று நின்றுவிடும். அதைத் தேடிப் போட்டால், அது இன்னொன்றைக் கேட்கும். உப்பு வாங்கப் போனவன் கடை திறக்கச் சாவி தேடின கதை. எல்லாம் கிடைத்த பிறகு திரையில் எழுத்துகள் எறும்புச் சாரை போல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கணினியின் விசிறி இரையும். அரை மணி நேரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்திருப்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் அவளை மெச்சினேன். சோதனைப் பதிப்பைப் புழக்கத்தில் இருக்கும் பதிப்பின் மேல் ஒருபோதும் நிறுவ மாட்டாள். அதற்குத் தனி இடம், தனிப் பெயர், தனிக் கோப்புகள். பழைய பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே புதுப் பாலத்தைப் பக்கத்தில்தான் கட்டுவோம். அந்த ஒழுங்கு அவளுக்கு என்னிடமிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வம்சத்தை நான் நாலு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தேன். ஆறு தலைமுறை, நூற்று நாற்பத்து மூன்று பேர். அதை அவள் எட்டு வருடங்களுக்கு முன்பே கணினியில் ஏற்றிவிட்டாள். படமாக வரைவதில்தான் சிக்கல். சொந்தத்துக்குள்ளேயே கொடுத்தும் வாங்கியும் வந்தவர்கள் நாங்கள். அத்தையே மாமியார், மாமனே மாமனார். நிலையான பதிப்பு அப்படிப்பட்டவர்களை இரண்டு இடத்தில் வரைந்தது. என் அத்தை ஒருத்தி படத்தில் மூன்று முறை வந்தாள். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நம்மது குடும்ப மரம் இல்ல, புதர்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் இடம், அதுதான் முறை. எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு முன்னறைச் சுவர் முழுக்க அந்தப் படம் வேண்டும் என்று சொல்லி, சட்டத்துக்கும் அளவு கொடுத்துவிட்டேன்.

அப்போது வந்துகொண்டிருந்த சோதனைப் பதிப்பில் அந்தச் சிக்கலைத் தீர்க்கும் புது முறை இருந்தது. கோடுகள் வளைந்து போய் ஒரே ஆளிடம் சேரும். மகள் அதைத் தொகுத்து ஓட்டினாள். மென்பொருளோடு வரும் மாதிரிக் குடும்பம் அவளுக்கு உதவவில்லை. அதில் அப்பா, அம்மா, பிள்ளைகள், எல்லோரும் கோடு போட்ட நோட்டில் எழுதினது போல நேராக இருந்தார்கள். எங்கள் புதர்தான் சரியான சோதனை என்று எங்கள் கோப்பின் நகலையே உள்ளே கொடுத்தாள். அழகாக வந்தது. என் அத்தை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை அச்சுக்குக் கொடு என்றேன். இது சோதனைப் பதிப்பு, இதில் வருவதைச் சுவரில் மாட்டக் கூடாது, இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்றாள். இரண்டு மாதத்தில் நான் இருப்பேனா என்று யாருக்குத் தெரியும், நாலு கோடு போடுவதற்கு என்ன இத்தனை பயம் என்றேன். இந்த வீட்டில் நான் ஒன்றைச் சொன்ன பிறகு யாரும் பேசுவதில்லை.

அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று மணி நேரம் சரிபார்த்தாள். எல்லாம் படத்தின் வலது பாதி; கோடுகள் பின்னிக் கிடக்கும் பகுதி. ஒவ்வொரு கல்யாணமாக விரல் வைத்துப் பார்த்தாள். எங்கள் சொந்தக் கிளையைப் பார்க்கவில்லை. அப்பா, அம்மா, ஒரு மகள், மருமகன். அதில் பார்க்க என்ன இருக்கிறது? சோதிப்பவர்கள் மாறியதைச் சோதிப்பார்கள், மாறாததை நம்புவார்கள். நானும் அப்படி ஒரு தவறைச் செய்திருக்கிறேன். புதிதாக வார்த்த தூணை மூன்று நாள் தட்டித் தட்டிப் பார்த்தேன். விரிசல் யாரும் தொடாத பழைய தூணில் விட்டது.

சட்டம் போடுபவர் படத்தை ஆணியில் மாட்டி, மேலே சுற்றியிருந்த துணியை எடுத்தார். எல்லோரும் எழுந்து கிட்டே வந்தார்கள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். படத்தின் அடியில் வலது மூலையில் சிறிய எழுத்தில் மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு பேர் என்று இருந்தது. கண் சரியில்லை என்று நினைத்தேன். தம்பி தன் கட்டத்தைக் கண்டுபிடித்து, பேர் இருக்கிறது, முடிதான் இல்லை என்று சொல்லிக் கொண்டிருந்தான். சம்பந்தியம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் மகனைத் தேடினார். விரல் இடப்பக்கம் நகர்ந்தது. மகன். அவருக்குப் பக்கத்தில் என் மகள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்.

அவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒலித்தது. எதுவும் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து, கடைப் பலகையைப் படிப்பது போல. பிறகு ஆண்டுகளையும் படித்தார். இரண்டு ஆண்டுகள் இருந்தன. படத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்றுதான் உண்டு.

எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது குடும்பத்தின் பெயர். நான் எழுந்து நின்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"அது பிழை. இன்னும் சோதனையில இருக்கிற மென்பொருள். அதோட வர்ற மாதிரிக் குடும்பத்துலேர்ந்து யாரோ ஒருத்தி பேரு கலந்திருக்கு. சொல்லும்மா."

மகள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

"ஆமா. பிழை நடந்திருக்கு," என்றாள்.

தம்பி உடனே பிடித்துக்கொண்டான். இந்தக் கம்ப்யூட்டர்களே இப்படித்தான், ஒருமுறை தன் கடை ரசீதில் இருமல் மருந்துக்குப் பதிலாக எலி மருந்து அடித்துக் கொடுத்தது என்றான். அவன் மனைவி தேவைக்கு மேல் சிரித்தாள். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டில் வைத்து மூடினார்.

"கல்யாணத்தன்னைக்கே கேட்டேன் சம்பந்தி, ஒரே பொண்ணை ஏன் எல்லாரும் சின்னவ சின்னவன்னு கூப்பிடுறீங்கன்னு. ஆள் சிறுசா இருக்காள்ல, அதான்னாங்க உங்க வீட்டம்மா."

அவ்வளவுதான் சொன்னார். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது என் மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டார். என்னிடம் விடைபெற்றுக்கொண்டார், மரியாதை குறையாமல்.

அவர்கள் போன பிறகு மகள் படத்தின் முன்னால் நின்று கொண்டிருந்தாள். மருமகன் தட்டுகளை எடுத்துப் போய்க் கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டாவது வருஷம்?" என்றேன்.

"ஆறு வருஷம் ஆச்சுப்பா. நுரையீரல்ல சளி கட்டிடுச்சு. மூணே நாள்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் குரலில் குத்தல் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். இல்லை.

"சொல்லணும்னா அவ பேரை எடுக்கணுமேப்பா. எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்களே."

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காப்பகத்திலிருந்து உடலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மருமகன். யாரிடமிருந்து நான் இத்தனை வருடம் மறைத்தேனோ, அவர். கல்யாணமான முதல் வருடமே அவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் தன் தாயாரிடம் கூட வாய் திறக்கவில்லை. என் சொல்லை என்னைவிட நன்றாகக் காப்பாற்றியிருக்கிறார். அவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொண்டு நின்றார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

என் மனைவி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். பையில் சீப்பும் புதிதாகத் தைத்த உள்பாவாடையும் இருக்கும். அக்காளுக்குத் தலை வாரிவிட யாரும் இல்லையா என்று நான் கேட்டதில்லை. எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை அவள் கிளம்பவில்லை. போகவில்லையா என்றேன். முழங்கால் வலி என்றாள். சரி, இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே இரு என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டாள், எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், செய்தித்தாளுக்கு அடியில் என் கண்ணாடியைத் தேடி எடுத்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல் இறந்தாள்.

நூற்று நாற்பத்து நான்காவது கட்டத்தை நிரப்பச் சொன்னதும் அவள்தான். மென்பொருளில் ஒருவரை "அந்தரங்கம்" என்று குறித்து வைத்தால் கோப்பில் இருப்பார், படத்தில் வர மாட்டார். கணக்கில் இருக்கட்டும், பார்வையில் வேண்டாம் என்றாளாம். புதுப் பதிப்பில் கோடுகளை வளைத்து வரையும் வேலையில் யாரோ அந்தக் குறியைப் பார்க்கும் வரியை விட்டுவிட்டார்கள். நடந்தது அதுதான்.

சோதனைக்கு யாராவது ஆளை நிறுத்துவார்களா என்று மறுநாள் மகளிடம் கேட்டேன். பாலத்தின் மேல் மணல் மூட்டைகளைத்தான் அடுக்குவோம், எடை தாங்குகிறதா என்று பார்க்க. மனிதர்களை ஏற்றுவதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, தெரியும் அப்பா, என் தப்புதான் என்றாள். என்மீது பழி எதுவும் போடவில்லை. அவசரப்படுத்தியவன் நான்.

பிறகு அவள் தன் முறைப்படி பிழை அறிக்கை எழுத உட்கார்ந்தாள். உண்மைக் குடும்பத்தை அனுப்பக் கூடாது. பிழை தெரிகிற அளவுக்கு மிகச் சிறிய குடும்பம் ஒன்றைச் செய்து அனுப்ப வேண்டும். நூற்று நாற்பது பேரையும் ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்தாள். தாத்தாக்கள் போனார்கள், அத்தைகள் போனார்கள், தம்பி போனான். நீக்க நீக்கப் பிழை அப்படியே இருந்தது. கடைசியில் நான்கு கட்டங்கள் மிஞ்சின. பெயர்களை அழித்துவிட்டு எழுதினாள்: தந்தை, தாய், மகள் ஒன்று, மகள் இரண்டு. மகள் ஒன்று அந்தரங்கம். எதிர்பார்த்தது: மகள் ஒன்று படத்தில் தெரியக் கூடாது. நடந்தது: தெரிகிறாள்.

இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். நன்றி, என் கணினியிலும் அப்படியே நடக்கிறது என்று. யாரோ ஒரு மனிதர், எந்த ஊரோ, தன் மேஜையில் அந்த நான்கு பேரையும் வைத்துப் பார்த்திருக்கிறார். மகள் ஒன்று அவருக்கும் தெரிந்திருக்கிறாள்.

பத்து நாளில் சரி செய்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நானும் மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். புது மூலநிரலை இறக்கினாள். எறும்புச் சாரை ஏறியது. தொகுத்து முடிந்ததும் சோதனைகளை ஓட்டினாள். திரையில் வரிவரியாக வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் சரி, சரி, சரி. ஒரு வரியில் விரலை வைத்தாள். அவள் அனுப்பிய நான்கு பேர் குடும்பத்தையே அவர்கள் நிரந்தரச் சோதனைகளில் சேர்த்துவிட்டார்களாம். இனி யார், எந்த நாட்டில், இந்த மென்பொருளைப் புதிதாகத் தொகுத்தாலும், அந்த நான்கு பேரும் வருவார்கள். மகள் ஒன்று மறைகிறாளா என்று ஒருமுறை பார்க்கப்படும். மறைந்தால்தான் பதிப்பு வெளியாகும்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"எப்பவுமேப்பா. யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கோப்பைத் திறந்து படத்தை வரையவிட்டாள். அப்பா, அம்மா, ஒரு மகள், மருமகன். இடையில் வெற்றிடம்கூட இல்லை. சின்னவளின் கட்டம் நகர்ந்து எங்கள் இருவருக்கும் நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. வேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது. பொறியாளனாக அதில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் சட்டம் போடுபவர் திருத்திய அச்சைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஏணியை விரித்து, சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். எந்த இடத்தில் கோணல் என்று கேட்டார். கோணல் இல்லை, இருப்பது இருக்கட்டும் என்றேன். மகள் படியில் பாதி இறங்கி நின்றாள்.

"அது பிழையுள்ள பதிப்புப்பா."

"தெரியும்."

அவர் ஏணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சுருட்டிய அச்சைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சம்பந்தியம்மாள் அதற்குப் பிறகு இன்னும் இங்கே வரவில்லை. வந்தால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. மென்பொருளின் பிழையால் யாரோ ஒரு வெளியாளின் பெயர் எங்கள் வம்சாவளியில் கலந்துவிட்டதாக உறவுக்குள் ஒரு பேச்சு நடக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவன் நான். அது உண்மையில்லை. அவள் என் மூத்த மகள். காலை ஐந்து ஐம்பதுக்குப் பிறந்தாள், இரண்டு கிலோ எண்ணூறு கிராம். தாதி துணியில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தாள். நான் வெளிச்சத்துக்காக அவளைத் தாழ்வாரத்து ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.